மதகுக் காவலரின் மதியத் தூக்கம்

எங்கள் ஊருக்கு இதுவரை நான்கு வரலாறுகள் எழுதியாகிவிட்டன. நான்கையும் அட்டையிலிருந்து அட்டைவரை படித்த ஒரே ஜீவன் நான்தான். ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. ஊர் நூலகத்தில் உள்ளூர்ப் பிரிவு என் பொறுப்பு. சம்பளம் வாங்குகிறேன், படித்துத் தொலைத்தேன்.

இந்தப் புத்தகங்கள் எப்படித் தயாராகின்றன என்று தெரிந்தால் நீங்கள் அவற்றைத் தொடவே மாட்டீர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற யாராவது ஒருவருக்கு வீட்டில் பொழுது போகாது. வீட்டு அம்மாளுக்கும் அவரை வைத்துக்கொண்டு பொழுது போகாது. உடனே ஒரு கமிட்டி போடுவார். வீடு வீடாக ஆள் அனுப்பி, "உங்க குடும்பத்தப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்று கேட்பார். எழுதிக் கொடுக்கிற குடும்பம் எத்தனை புத்தகத்துக்கு முன்பதிவு செய்கிறதோ, அதைப் பார்த்துப் படத்தின் அளவு முடிவாகும். முழுப்பக்கம், அரைப்பக்கம், தபால்தலை அளவு. முன்பதிவே செய்யாத குடும்பத்துக்கு ஒரு வரி. அதுவும் இடம் மிஞ்சினால்.

எந்த வீட்டிலாவது "எங்க தாத்தா பக்கத்து வீட்டுக்காரன் நிலத்த அமுக்கினாரு" என்று எழுதித் தருவார்களா? அதனால் நான்கு புத்தகங்களையும் சலித்தாலும் ஊரில் ஒரு கெட்டவன் கிடைக்கமாட்டான். எல்லோரும் வாரி வாரிக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கிக்கொண்டவர் என்று ஒருவர்கூடப் பதிவாகவில்லை.

எனவே நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். முதலில் படத்தைப் பார்ப்பேன். முழுப்பக்கப் படம் என்றால் அந்த மனிதர் பிறந்தார், செத்தார் என்பதை மட்டும் நம்புவேன். அரைப்பக்கம் என்றால் என்ன தொழில் செய்தார் என்பதையும் நம்பலாம். படமே இல்லாமல் ஒரு வரி வந்திருந்தால் அது பெரும்பாலும் உண்மையாக இருக்கும். அவருக்காக மெனக்கெட்டுப் பொய் சொல்ல ஆள் இல்லை. அதற்குப் பிறகுதான் மற்றக் கேள்விகள். யார் பார்த்தது? எழுதினவருக்கு இதில் என்ன லாபம்? யாரைப் பார்த்து யார் காப்பியடித்தது?

என் புகுந்த வீட்டுக்கு மூன்றாவது புத்தகத்தில் அரைப்பக்கப் படம் உண்டு. எழுதியது என் நாத்தனார். அரண்மனை வைத்தியர் பரம்பரையாம். இந்த ஊரைச் சுற்றி எந்தத் திசையில் ஒருநாள் முழுக்க நடந்தாலும் அரண்மனை என்று ஒன்று இருந்த அடையாளமே கிடையாது. இதை என் கணவரிடம் ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "இடிஞ்சிருக்கும்" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஊரில் கெட்டவனே கிடையாது என்றேனே, அதில் ஒரு விலக்கு உண்டு. மதகுக் காவலர்.

ஊருக்கு மேலே நீர்த்தேக்கம் இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில், பட்டப்பகலில், அதன் கரை உடைந்து கீழ்த்தெரு முழுவதும் அடித்துக்கொண்டு போனது. முதல் புத்தகம் அதை இப்படிச் சொல்கிறது: "மதகைத் திறந்துவிட வேண்டிய காவலரோ, மதிய உணவுக்குப் பின் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து, வாயைப் பிளந்து உறங்கிக்கொண்டிருந்தார்." இரண்டாவது, மூன்றாவது, நான்காவது புத்தகங்களும் அதையே சொல்கின்றன. அதே துண்டு, அதே சுருட்டல், அதே வாய். காவலரையும் வெள்ளம் விடவில்லை. ஆனால் அவர் பெண்டாட்டியும் கைக்குழந்தையும் தப்பிவிட்டார்கள். அந்த வீட்டுக்கு அன்றைக்கு விழுந்த பெயர் கொட்டாவி வீடு.

அந்தக் கைக்குழந்தைதான் எங்கள் ஊர் எலக்ட்ரீசியன். தலை நரைத்து, மூக்குக் கண்ணாடியும் போட்டாகிவிட்டது. இன்னமும் "கொட்டாவியக் கூப்பிடு, ஃபியூஸ் போயிடுச்சு" என்றுதான் சொல்கிறார்கள். அவர் கடைத்தெருவில் போனால், டீக்கடை வாசலில் நிற்கிற தடிமாடுகள் ஒவ்வொன்றாக வாயைத் திறந்து கொட்டாவி விடும். மூன்று தலைமுறையாக இந்த ஊருக்கு அலுக்காத ஒரே நகைச்சுவை இது.

ஐந்தாவது வரலாறு அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்த சமயத்தில் அவர் நூலகத்துக்கு டியூப் லைட் மாற்ற வந்தார். ஏணிமேல் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேச்சை ஆரம்பித்தார்.

"மேடம், புது புக்க நீங்கதான் சரிபார்க்கறீங்களாமே?"

"ஆமா. என் தலையில கட்டிட்டாங்க."

"எம்பொண்ணுக்கு வேலை கிடைச்சிருக்கு."

"அடடே, சந்தோஷம். எங்க?"

"நீர்த்தேக்கத்துல. மதகு ஆபரேட்டர்."

அவர் ஸ்டார்ட்டரைத் திருகிக்கொண்டே சொன்னார். "முதல் நாள் போயிருக்கா. அவ நாற்காலியில தலையணை வச்சிருந்தாங்களாம். உறை போட்டு, அழகா. எல்லாரும் சிரிச்சாங்களாம். இவளும் சிரிச்சுட்டு வந்துட்டா. வீட்டுக்கு வந்து குளியலறையில தண்ணியத் திறந்து விட்டுட்டு ரொம்ப நேரம் வெளிய வரல." விளக்கு எரிந்தது. அவர் இறங்கவில்லை. "எனக்குப் பழகிடுச்சு மேடம். அவளுக்கு வேணாம். அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்க."

பரிதாபம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"நீங்க கேட்டீங்கங்கறதுக்காக எடுக்க மாட்டேன். தப்புன்னு தெரிஞ்சா எடுப்பேன். இறங்குங்க கீழ, விழுந்து வைக்கப் போறீங்க."

அன்று சாயங்காலமே நான்கு புத்தகங்களையும் மேஜைமேல் பரப்பினேன். இத்தனை வருஷம் நானும் அந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டியிருக்கிறேன் என்பதுதான் வயிற்றெரிச்சல். முதல் புத்தகம் இன்னொன்றும் சொல்கிறது: அந்த வெள்ளத்தில் ஊர் மணிக்கூண்டும் இடிந்ததாம். மற்ற மூன்றும் அதே மணிக்கூண்டை அப்படியே இடித்துத் தள்ளுகின்றன. ஆனால் மணிக்கூண்டு கட்டியதே வெள்ளத்துக்கு எட்டு வருஷம் கழித்துத்தான். கட்டின வருஷம் அதன் நெற்றியிலேயே செதுக்கியிருக்கிறது. ஆக நான்கு சாட்சிகள் இல்லை. ஒரு சாட்சியும் மூன்று ஈயடிச்சான் காப்பிகளும்தான்.

சரி, அந்த ஒரு சாட்சி யார்? வெள்ளப் பகுதியை எழுதியவர் பெயர் புத்தகத்திலேயே பெருமையாக அச்சாகியிருக்கிறது. கரையைக் கட்டிய காண்ட்ராக்டரின் மகன். காண்ட்ராக்டருக்கு முழுப்பக்கப் படம்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. மதகுப் பக்கம் அன்று இருந்தவர்கள் யாருமே தப்பவில்லை என்று அதே பக்கம், அதே பத்தி சொல்கிறது. அப்படியானால் துண்டைச் சுருட்டினதை யார் பார்த்தார்கள்? பிளந்த வாயை யார் எட்டிப் பார்த்தார்கள்? ஒருவரும் இல்லை. அறுபது வருஷமாக ஒரு குடும்பம் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறது, ஒருவருமே பார்க்காத ஒரு தூக்கத்துக்காக.

கமிட்டி கம்பிக்கடை மாடியில் கூடியது. தலைவர் கம்பிக்கடை முதலாளி, அதாவது காண்ட்ராக்டரின் பேரன். இவர் அப்பாதான் அந்தத் தூக்கத்தை எழுதியவர். தொகுப்பாசிரியர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். ஆணிச் சாக்குகளுக்கும் பெயின்ட் டப்பாக்களுக்கும் நடுவே நாற்காலி போட்டிருந்தார்கள். நான் கொண்டுபோனதையெல்லாம் கொட்டினேன். முதலாளி தகராறு செய்வார் என்று இடுப்பில் கையை வைத்துத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"மேடம், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நம்ம ஊர்ல தூங்காதவன் யாரு? பெரிய குத்தமாவா சொல்லிட்டாரு எங்கப்பா?" என்று சிரித்தார்.

"யாரு பாத்தா?"

"அட, யாராவது பாத்திருப்பாங்க."

"பாத்தவங்க யாரும் பிழைக்கலைன்னு உங்கப்பாதான் எழுதியிருக்காரு."

சிரிப்பு நின்றது. மனிதர் தலையைச் சொறிந்தார். "சரி மேடம், எடுத்துடலாம். எனக்கும் அந்த எலக்ட்ரீசியன் மேல கோவம் ஒண்ணும் கிடையாது. ஆனா காவலர் தூங்கலைன்னா கரை ஏன் உடைஞ்சதுன்னு கேப்பாங்களே. அது எங்க தாத்தா கட்டின கரை."

"கரை மோசம்னு நான் சொல்லலையே. அதுக்கும் எங்கிட்ட சாட்சி கிடையாது."

"எலி!" என்றார் மூலையிலிருந்து போஸ்ட்மாஸ்டர்.

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

"எலி வளை போட்டா எந்தக் கரையும் உடையும். எலியாலன்னு போட்டுடுவோம். யாரு வந்து சண்டை போடப் போறா?"

முதலாளி மேஜையில் ஓங்கித் தட்டினார். அவ்வளவுதான், அறுபது வருஷப் பழி எலியின் தலையில் இறங்கியது. எலிக்கு ஊரில் வாரிசு இல்லாமல் இல்லை. என் நூலகத்திலேயே ஏராளமாக இருக்கின்றன. ஆனால் அவை புத்தகத்தைத் தின்னுமே தவிரப் படிக்காது.

"எலிய யாரு பாத்தா?" என்று கத்தினேன். தேநீர் வந்துவிட்டதால் ஒருவர் காதிலும் விழவில்லை.

அந்த வாரக் கடைசியில் எலக்ட்ரீசியன் இஸ்திரி போட்ட சட்டையோடு நூலகத்துக்கு வந்தார். கையில் புத்தகத்துக்கான ஒரு பக்கம். முத்து முத்தாக எழுதியிருந்தார். கரையில் விரிசலைக் கண்டதும் அவருடைய தந்தை ஓடினாராம். உண்ட மயக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த ஊரை எழுப்ப, மதகடியில் தொங்கிய தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் ஓங்கி ஓங்கி அடித்தாராம். "கம்பி வளைந்தது, அவர் கை தளரவில்லை. அச்சத்தம் கேட்டு மேட்டுத்தெருவுக்கு ஓடி உயிர்பிழைத்தோர் பலர்." கீழே, முழுப்பக்கப் படத்துக்கு முன்பதிவு.

"இத யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"அம்மா."

"அம்மா அப்ப எங்க இருந்தாங்க?"

"மேட்டுத்தெருவுல, அவங்க அக்கா வீட்ல. என்னத் தூக்கிட்டுப் போயிருந்தாங்க."

"அவங்களுக்குச் சத்தம் கேட்டுச்சாமா?"

அவர் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அம்மா ஒண்ணுமே சொன்னதில்ல மேடம். அப்பா பேச்ச எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுவாங்க."

"அப்ப இது கதை."

"அதுவும் கதைதானே? நீங்கதானே கண்டுபிடிச்சீங்க? அவங்க கதை அறுபது வருஷம் ஓடுச்சு. எங்க கதை ஒரு புக்குல வரக்கூடாதா?"

அவர் கேட்டது நியாயம்தான். நான் எழுதி வைத்திருந்த வரியை எடுத்துக் காட்டினேன்: "அன்று மதகுக் காவலர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது தெரியவில்லை." எனக்கு அந்த வரிமேல் கொள்ளைப் பெருமை. நான்கு புத்தகங்களிலும் சேர்த்து அப்படி ஒரு நாணயமான வரி கிடையாது.

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். திரும்பவும் படித்தார்.

"இத்தனை நாளும் அவரு தூங்கிட்டாவது இருந்தாரு மேடம். இப்ப அவரு அங்க இல்லவே இல்லையா?"

"அப்படியில்ல..."

"தலையணைய எடுத்துட்டு, காலி நாற்காலியப் போட்டுட்டீங்க." என் காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, தன் பக்கத்தை எடுத்துக்கொண்டு நேரே கம்பிக்கடை மாடிக்குப் போனார். அந்த மனிதர் என்னிடம் கோபித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அன்று நான் மதியம் சாப்பிடவில்லை.

புத்தகம் வெளிவந்தது. என் வரியைக் காணோம். கரையை உடைத்தது எலி. தண்டவாளத் துண்டை அடித்த கதையோடு காவலருக்கு முழுப்பக்கம், அவர் படம் எதுவும் கிடைக்காததால் மகனின் இளவயதுப் படத்தை வைத்து ஓவியரைக்கொண்டு வரைந்திருந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் காண்ட்ராக்டர், அவருக்கும் முழுப்பக்கம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதுபோல் அச்சாகியிருந்தது. ஒரு தலைமுறைக்கு மேல் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு குடும்பங்கள் வெளியீட்டு விழாவில் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டன. கம்பிக்கடை முதலாளி ஒரு படி மேலே போய், கடையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து வளைத்து, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத் துருவேற்றி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அதை என் மேஜைக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்கள். நான்தான் துடைக்கிறேன்.

முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் என் பெயர், சரிபார்த்தவர் என்று. போஸ்ட்மாஸ்டரிடம் போய்க் காட்டுக்கத்தல் கத்தினேன். "உங்க பேரு இருந்தாத்தான் மேடம் ஜனங்க நம்புவாங்க" என்றார், எனக்கு ஏதோ பட்டம் கொடுக்கிற மாதிரி. வீட்டில் என் கணவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "பரவால்லையே, நல்லா சரிபார்த்திருக்க" என்றார். அன்று ராத்திரி அவருக்கு உப்பில்லாத குழம்பு.

இரண்டு மாதம் கழித்து எலக்ட்ரீசியன் வந்தார். கையில் ஏணி இல்லை. நூலகத்தில் எந்த விளக்கும் பழுதாகவில்லை. உட்காரச் சொன்னேன். கண்ணாடிப் பெட்டிப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்தார்.

"பொண்ணு எப்படி இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கா மேடம். அந்தப் பக்கத்த ஃப்ரேம் போட்டு மதகு ரூம்ல மாட்டியிருக்கா. தலையணை வச்ச பசங்களே வந்து மன்னிப்புக் கேட்டாங்களாம். ஆபீசர் வந்து நின்னு படிச்சுட்டு, கையக் குலுக்கினாராம்."

"அப்புறம் என்ன? நீங்க நினைச்சது நடந்துடுச்சே."

"நடந்துடுச்சு. கடைத்தெருவுலயும் யாரும் கொட்டாவி விடறதில்ல. வணக்கம் சொல்றாங்க. எல்லாரும் நம்பறாங்க மேடம். நான் ஒருத்தன்தான் நம்பல."

நான் பதிவேட்டை மூடி வைத்தேன்.

"நான் எழுதினத நானே எப்படி நம்பறது? ஒவ்வொரு வரியும் எங்க உக்காந்து யோசிச்சேன்னு எனக்குத் தெரியுது. முன்னாடி, அவரு தூங்கினாருன்னு ஊரே சொன்னப்ப, இல்லவே இல்லைன்னு உள்ளுக்குள்ள சண்டை போட்டுக்கிட்டே இருப்பேன். இப்ப யாரும் சொல்றதில்ல. சண்டையும் போச்சு. அவரு முகம்கூட என் முகமாத்தான் வருது." கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். "உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. எங்கப்பா நிஜமாவே அடிச்சிருப்பாரா மேடம்?"

எனக்கு என்ன தெரியும்? அன்று மதகடியில் நின்ற யாரும் திரும்பி வரவில்லை என்பது தெரியும். தண்டவாளத் துண்டு ஒன்று அங்கே தொங்கியதா என்பதுகூடத் தெரியாது. "தெரியாது" என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. அறுபது வயது மனிதர், அப்பாவைக் காணாத குழந்தை மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பாழாய்ப்போன பரிதாபம்.

"அடிச்சிருப்பாரு," என்றேன்.

"நிஜமாவா?"

"சத்தமா அடிச்சிருப்பாரு. இல்லைன்னா மேட்டுத்தெருவுக்கு அத்தனை பேர் எப்படி ஓடி வந்திருக்க முடியும்?"

வாய் கூசாமல் சொன்னேன். அத்தனை பேர் ஓடி வந்தார்கள் என்று எழுதியதே அவர்தான். அதையே எடுத்து அவருக்குச் சாட்சியாகக் கொடுத்தேன். அவருக்கு அது உறைக்கவில்லை. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எழுந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். போகும்போது கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, வெகுநேரம் அந்தக் கம்பியைப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த நாளே கடைத்தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது, நூலக மேடமே சொல்லிவிட்டார்கள் என்று. நாளைக்கு ஆறாவது வரலாறு எழுத ஒருவர் வருவார். இதற்கெல்லாம் யார் சாட்சி என்று கேட்டால் என் பெயரைத்தான் சொல்வார்கள். அந்தப் புத்தகத்தில் அந்த ஒன்று மட்டும் பொய்யாக இருக்காது: நான் அப்படிச் சொன்னேன் என்பது.